ஆம்பிரிட்ஜ் கேட்பது வீண்பொழுதா?

வானொலித் தொடர்நாடகம் கேட்போரைப் பற்றி நம்மவரிடையே ஓர் இளக்காரம் நிலவுகிறது. நாவல் படிப்பவர் வாசகர். கவியரங்கில் முன்வரிசையில் அமர்பவர் சுவைஞர். ஆனால் நாள் தவறாமல் குறித்த நேரத்தில் வானொலியைத் திருப்பி, இல்லாத ஒரு கிராமத்தில் யார் வீட்டுப் பசு கன்று ஈன்றது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பவர் மட்டும் வேலையற்றவர்! இத்தீர்ப்பை வழங்கும் பெரியோரில் எத்தனை பேர் அத்தகைய நாடகம் ஒன்றைப் பத்து நாள் சேர்ந்தாற்போல் கேட்டிருக்கிறார்கள்? கேளாமலே தீர்ப்புக் கூறுவதை நாம் ஏற்பதற்கில்லை. உலகிலேயே மிக நீண்டகாலமாக நடந்துவரும் தொடர்நாடகமாகிய, பி.பி.சி.யின் ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்பதையே சான்றாக நிறுத்தி வழக்காட முற்படுகிறோம்.

அது பிறந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின்னும் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு ஓயவில்லை. 1954 வரை நீடித்தது. விளைச்சலைப் பெருக்கியாக வேண்டும். புதிய முறைகள் சிறு உழவரின் காதுக்கு எட்டியாக வேண்டும். வெறும் உரைகளை எவர் கேட்பர்? 1948இல் பர்மிங்காமில் கூடிய உழவர் கூட்டமொன்றில், அந்நாளில் நாடே காத்திருந்து கேட்ட ‘டிக் பார்ட்டன்’ என்னும் துப்பறியும் தொடரைப்போல் உழவுக்கும் ஒன்று வேண்டும் என்றார் ஒரு விவசாயி. வானொலியில் வேளாண் நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்த காட்ஃப்ரி பேஸ்லி அச்சொல்லைப் பற்றிக்கொண்டார். 1950 மே மாத இறுதியில் ஐந்து பகுதிகள் சோதனையாக ஒலித்தன. 1951 ஜனவரி முதல் நாள் தொட்டு நாடு முழுவதும் கேட்கலாயிற்று. போர்செட்ஷயர் என்ற மாவட்டம் எந்த நிலப்படத்திலும் இல்லை. அதில் ஆம்பிரிட்ஜ் என்றோர் ஊர். அவ்வூரில் புரூக்ஃபீல்டு பண்ணை. பண்ணையில் ஆர்ச்சர் குடும்பம். இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கடந்து நிற்கிறது அந்த இல்லாத ஊர்.

“உரமும் விதையும் விற்க வந்த பிரசாரந்தானே, இதில் இலக்கியம் எங்கே?” என்பார் உளர். பிறவிநோக்கம் பிரசாரமே; மறுப்பானேன்? ஆனால் அந்தப் போதனைப் பணி 1972இலேயே முறைப்படி கைவிடப்பட்டது. அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் கேட்டு வருவது உரத்துக்காகவா? பாடம் சொல்ல வந்த இடத்திலும், பாடத்தைவிட மனிதரே மேலோங்கி நின்றனர். 1956இல் டான் ஆர்ச்சரின் மந்தையைக் கோமாரி தாக்கிற்று. அந்நாட்டில் கோமாரி கண்ட மந்தையை அடியோடு கொன்றுவிடுவது வழக்கம். கன்றிலிருந்து வளர்த்த மாடுகளை இழந்து வெறுந்தொழுவத்தைப் பார்த்து நிற்கும் உழவனைக் கேட்டவர்கள், நோய்த் தடுப்பை மட்டுமா கற்றிருப்பர்? 2001இல் மெய்யாகவே இங்கிலாந்தைக் கோமாரி சூறையாடியபோது, ஆம்பிரிட்ஜிலும் புரூக்ஃபீல்டு குடும்பம் பண்ணையின் வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே அஞ்சிக் கிடந்தது.

இன்னொரு சாரார் இதைவிடக் கூர்மையாகப் பேசுவர்: நகரத்து மாடிவீட்டில் இருந்துகொண்டு நாட்டுப்புறத்தைக் கனவு காண்போரின் தாலாட்டு இது என்பர். கேட்போரில் மிகப் பலர் நகரத்தார் என்பது மெய்யே. தாலாட்டு என்பதுதான் பொய். கிரண்டி என்றொரு குடும்பம் அந்நாடகத்தில் உண்டு. குத்தகை நிலத்தை உழுது, ஏதேனும் குறுக்குவழியில் நாலு காசு பார்க்கத் துடித்து, பல்லாண்டுகளாகக் கேட்போரைச் சிரிக்கவைத்தவர்கள். 2000ஆம் ஆண்டில் குத்தகைப் பணம் கட்ட இயலாமல் அவர்கள் கிரேஞ்ச் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டு, பக்கத்து நகரத்தின் அடுக்குக் குடியிருப்பில் ஒடுங்கினர். விதூஷகனை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, “இதுவரை சிரித்தாயே, இப்போது சிரி” என்று கேட்பவன் முகத்தைப் பார்ப்பது தாலாட்டா?

நம்மவர் காதுக்கு நெருக்கமான சான்றும் உண்டு. 1991இல் உஷா குப்தா என்னும் இந்திய வழிவந்த வழக்கறிஞர் அவ்வூரில் குடியேறினார். இங்கிலாந்தின் பசும்புல் வெளியில் எல்லோரும் கைகுலுக்கி வரவேற்றனர் என்று எழுதியிருந்தால் தாலாட்டு என்று நாமும் ஒப்புவோம். எழுதவில்லை; நிறவெறியரின் தாக்குதலை எழுதினர். 2008இல் அவர் ஊர்ப் பாதிரியாரையே மணந்தபோது, தேவாலயத்துக்குள்ளேயே எழுந்த முணுமுணுப்பையும் எழுதினர். அயலூரில் வாடகைக்கு வீடு தேடிய அனுபவமுள்ள எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதற்கு உரையாசிரியர் தேவையில்லை.

இவையெல்லாம் நாவலிலும் வருமே என்று கேட்கலாம். வரும், ஆனால் காலம் வராது. நாவலாசிரியன் ‘பத்தாண்டுகள் கழிந்தன’ என்று ஒரு வரியில் தாண்டுவான். ஆம்பிரிட்ஜில் பத்தாண்டு கழியப் பத்தாண்டு ஆகும். நாளொன்றுக்குப் பதின்மூன்று நிமிடம். அங்கே அறுவடையென்றால் வெளியேயும் அறுவடைக் காலம். ஃபில் ஆர்ச்சராக 1950இல் பேசத் தொடங்கிய நார்மன் பெய்ன்டிங் 2009இல் மறையும் வரை அக்குரலிலேயே முதிர்ந்தார். பெக்கியாக நடித்த ஜூன் ஸ்பென்சர் 2022இல் தம் 103ஆம் வயதில்தான் ஓய்வு பெற்றார், 2024இல் மறைந்தார். மணப்பெண்ணாகக் கேட்ட குரலைப் பாட்டியாகவும் கேட்கும் பேறு எந்தக் காவியம் படிப்பவருக்கு வாய்த்தது?

இந்த மெதுநடையின் ஆற்றலை 2016இல் உலகம் கண்டது. 2013இல் ஊருக்கு வந்த ராப் டிச்சனர், ஹெலனைக் காதலித்து மணந்தான். எடுத்த எடுப்பில் கை ஓங்கவில்லை. இந்த உடை வேண்டாமே என்றான். நீ காரோட்ட வேண்டாமே என்றான். தோழியரை ஒவ்வொருவராக விலக்கினான். ஒவ்வொன்றும் அன்புபோலவே ஒலித்தது. கேட்போர் ஆண்டுக்கணக்கில் அதைக் கேட்டுப் பதைத்திருக்க, 2016 ஏப்ரலில் ஹெலனின் கை கத்தியைப் பற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அவளை விடுவித்தது. இத்தகைய அடக்குமுறையைக் குற்றமாக்கிய சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது 2015 டிசம்பரில்தான். சட்டத்தின் வறண்ட வாசகத்துக்கு நாடகம் உயிர் தந்தது. கேட்போர் தமக்குள் நிதி திரட்டி, கொடுமைக்குள்ளான பெண்டிரைக் காக்கும் அமைப்புக்கு ஒன்றரை இலட்சம் பவுனுக்கு மேல் வழங்கினர். வேலையற்றவர்கள் செய்த வேலை இது!

ஆகவே, இந்தக் கேட்போர் நாடகத்தாரோடு சண்டையிடும்போதும் நாம் அவர்கள் பக்கமே நிற்போம். 1955 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவில், இளமனைவி கிரேஸை இலாயத் தீயில் சாகடித்தனர். போட்டியாளரின் தொடக்க விழாவை மங்கச் செய்ய ஓர் உயிர்! 2011 புத்தாண்டில், அறுபதாண்டு நிறைவுக்கென்று நைஜலை மாளிகைக் கூரையிலிருந்து விழவைத்தனர். இரண்டு முறையும் கொதித்தெழுந்தவர்களை ஏடுகள் பித்தர் எனக் கேலி பேசின. நாள்தோறும் நினைவில் சுமந்து அவ்வூரை உயிரோடு வைத்திருப்பவன் கேட்பவன். அவனிடம் கேளாமல் ஊரார் ஒருவரை விளம்பரத்துக்குப் பலியிட்டால் அவன் கேட்கத்தான் செய்வான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். வெளிமாநிலத்தில் வாழும் நாம் மலர்தோறும் ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதுகிறோம். அதில் வேப்பமரம் ஒன்று, குளம் ஒன்று, வெற்றிலை இடிக்கும் பாட்டி ஒருத்தி. நாம் இரயிலேறிய நாளோடு அவ்வூரின் கடிகாரம் நின்றுபோயிற்று. அங்கே எவரும் கடன்படுவதில்லை, நிலத்தை விற்பதில்லை, சாதிச் சண்டையில் மண்டை உடைவதில்லை. தாலாட்டு எது என்று இப்போது சொல்லுங்கள்.

நம் வானொலிக்கு உழவரின் காது கிட்டாமற் போயிற்றா? தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை மக்கள் ‘வானொலி நெல்’ என்றே அழைத்தனர். வானொலி சொல்லித்தான் அதை விதைத்தனர். அத்தனை நம்பிக்கை பெற்ற ஊடகம், உழவனுக்கு எவ்வளவு யூரியா என்று சொல்லிற்று. மகன் பட்டணம் போன பின் அவன் திண்ணையில் யாரோடு பேசினான் என்பதை எழுபதாண்டு தொடர்ந்து சொல்லும் நாடகம் ஒன்றை வளர்க்கவில்லை. வளர்ந்திருந்தால் நம் பிள்ளைகள் தில்லியிலும் மும்பையிலும் இருந்தபடியே ஒரு தமிழ்க் கிராமத்தின் நேற்றையும் இன்றையும் வழக்குமொழியோடு கேட்டு வளர்ந்திருப்பர்.

நம் நாட்டாருக்குத் தொடர்நாடகம் ஒட்டாது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. 1996இல் அகில இந்திய வானொலி இந்தியில் ‘தின்கா தின்கா சுக்’ என்றொரு கிராமத் தொடரை ஒலிபரப்பிற்று. உத்தரப்பிரதேசத்து லுட்சான் என்னும் ஊரில் அதைக் கேட்டவர்கள், இனி வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் இல்லை என்று உறுதி எழுதி, 184 பேர் கையொப்பமிட்டு வானொலிக்கு அனுப்பினர். 104 பகுதிகளோடு 1997இல் அத்தொடர் முடிக்கப்பட்டது. லுட்சான் மக்கள் மறுநாளும் அதே நேரத்தில் பெட்டியைத் திருப்பியிருப்பார்கள். அதில் வேறு ஏதோ பாடிக்கொண்டிருந்திருக்கும்.