நாய்க்கு ஒரே சொல் போதும்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே ராஜபாளையம். அந்த ஊர் நாய்க்கு 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. ஆனால் வீடுகளில் அதன் கதி? நாள் முழுக்கச் சங்கிலி. பேச்சு கேட்காவிட்டால் அடி. கடைசியில் 'முரட்டு நாய்' என்று பட்டம் கட்டி, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

தப்பு நாய் மேல் இல்லை. அப்பா 'உட்காரு' என்கிறார், பையன் 'சிட்' என்கிறான், பாட்டி 'படு' என்கிறார். அது யார் பேச்சைக் கேட்கும்? வீடு முழுக்க ஒரே சொல் இருக்கட்டும். சொன்னபடி செய்த அந்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த ஈரல். பிந்தினால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தினம் இரண்டு வேளை, ஐந்தே நிமிடம் போதும். கம்பு பயத்தைத்தான் பழக்கும். பயந்த நாய் கடிக்கும்.

குட்டியை வாங்கும் முன்பே வீட்டில் எல்லோரும் அந்த ஒரு சொல்லை முடிவு செய்துகொள்வது நல்லது.