விதையின் கவசத்தை நாமே உடைக்கலாமா?

வாங்கிப் போய் இருபது நாள் ஆவதற்குள் பாசிப்பயறுப் பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "ஓட்டை விழுந்து வண்டு ஓடுது, இதைத்தான் விக்கிறீங்களா?" என்று கேட்கும் வாடிக்கையாளரைப் பார்க்காத மளிகைக்கடைக்காரர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நாம் மண்டியைக் குறை சொல்கிறோம். மண்டிக்காரர் விவசாயியைக் குறை சொல்கிறார். விவசாயி மழையைக் குறை சொல்கிறார். சரக்கைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

நாம் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பது வெறும் சரக்கு அல்ல, உயிருள்ள விதை. முளைக்கும் நாள் வரை தன்னைக் காத்துக்கொள்ள அதற்கு ஆயுதங்கள் உண்டு. நம் கடையின் அஞ்சறைப் பொருள்களே இதற்குச் சாட்சி. கடுகில் காரத்துக்கு மூலமான பொருளும், அதைக் காரமாக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. பூச்சி கடித்தாலோ நாம் அரைத்தாலோ இரண்டும் கலந்து நெடி கிளம்புகிறது. மிளகாயின் காரமும் அப்படித்தான். பொலிவியா நாட்டுக் காட்டு மிளகாயை ஆராய்ந்து 2008ல் வெளியிட்ட முடிவுப்படி, பூச்சி துளைத்த வழியாகப் புகும் பூசணத்திலிருந்து விதையைக் காப்பது அந்தக் காரமே. நாம் ருசிக்காக விற்பதை, செடி தன் தற்காப்புக்காகச் செய்து வைத்திருக்கிறது.

பயறு வகைகளுக்குக் காரம் இல்லை. அவற்றுக்கு முதல் அரண் கெட்டியான தோல். அதைத் தாண்டினால், பூச்சியின் வயிற்றில் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் உள்ளே இருக்கின்றன. பாசிப்பயறையும் தட்டைப்பயறையும் துளைக்கும் நம் ஊர்ப் பயறு வண்டின் புழுவால் ராஜ்மாவைத் தின்று வளர முடிவதில்லை. மாவுச்சத்தைச் செரிக்கவிடாத ஒரு புரதம் அதில் இருப்பதே முக்கியக் காரணம். அந்தக் குணத்தைப் பட்டாணியில் ஏற்றி ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். அதைத் தின்ற சுண்டெலிகளுக்கு ஒவ்வாமை கண்டதால் 2005ல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. விதையின் ஆயுதம் விளையாட்டுப் பொருள் அல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

ஆனால் எந்த அரணுக்கும் ஒரு எதிரி பழகிவிடுகிறான். பாசிப்பயறின் தற்காப்புக்குப் பயறு வண்டு பழகிவிட்டது. அது நம் கடையில் பிறப்பதுமில்லை. வயலில் காய் முற்றும்போதே முட்டை விழுந்துவிடுகிறது. மூட்டையோடு வந்து, நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளிவருகிறது. நம் முன்னோர் இதை அறிந்துதான் துவரைக்குச் செம்மண் கட்டினார்கள், பயறுக்கு விளக்கெண்ணெய் தடவினார்கள். எண்ணெய்ப் பூச்சு முட்டைக்குக் காற்றுப் போகவிடாது. முழுப்பயறை விட உடைத்த பருப்பில் இந்த வண்டு குறைவு. காரணம், அது முட்டையிடத் தேடுவது முழு விதையின் வழவழப்பான தோலை.

வண்டாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து நிலக்கடலையில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஈரமுள்ள பச்சைக் கடலையில் பூசணம் பட்டால், பருப்பு உடனே அதை எதிர்க்கும் பொருள்களைச் சுரக்கிறது. நன்றாகக் காய்ந்த கடலை உறங்கிவிடுகிறது. ஆனால் அந்த வறட்சியில் பூசணமும் வளராது. பருப்பில் ஈரம் 7 சதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள அரைகுறை ஈரத்தில்தான் வம்பு. விதை விழித்து எதிர்க்க அந்த ஈரம் போதாது, பூசணம் வளர அது தாராளம். காவல்காரன் உறங்கும்போது திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகிறது.

அந்தக் கதவைத் திறப்பது யார்? உடைக்கும்போது பருப்பு நொறுங்கக் கூடாது என்று காயில் தண்ணீர் தெளிக்கிறோம். எடை கூடுகிறது என்று அந்த ஈரத்தோடே மூட்டை பிடிக்கிறோம். நொறுங்கிய தோல் ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். பிறகு வருவது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்ததாகக் கண்டுபிடிக்கப்பட்டது இதுதான். மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும். வறுத்தாலும் முழுமையாகப் போகாது. நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய நாடுகள் வைத்துள்ள வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம்தான்.

"காய வைத்தால் எடை போகிறதே, அந்த நஷ்டம் யாருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 சதம் ஈரமுள்ள 100 கிலோ பருப்பை 7 சதத்துக்குக் காய வைத்தால் நிற்பது 94.6 கிலோ. ஈரச் சரக்கு கிலோ 100 ரூபாய் என்றால், காய்ந்த சரக்குக்கு 105 ரூபாய் 70 காசு கொடுத்தால்தான் விற்பவருக்கு நஷ்டமில்லை. இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கும் நாம், தண்ணீர் தெளிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்றுதான் பொருள். தண்ணீருக்குக் கொடுக்கும் பணத்தைக் காய்ந்த சரக்குக்குக் கொடுத்தால் நமக்கும் கைநஷ்டம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வண்டு கண்டதும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வாங்கிக் கடைக்குள்ளேயே வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். பயிற்சி பெற்றவர்கள் மூடிய கிடங்கில் கையாள வேண்டியது அது. கடைக்குப் பின்னால் குடும்பம் உறங்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. அதனால் வண்டு சாகலாம், பூசணத்தின் நஞ்சு போகாது.

ஆகவே நம் சங்கம் செய்ய வேண்டியவை மூன்று. மண்டிகளில் ஈரம் பார்க்கும் கருவி வைத்து, ஈரத்துக்கு ஏற்ப விலை பேசும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். தண்ணீர் தெளித்து உடைத்த கடலையை வாங்குவதில்லை என்று உறுப்பினர்கள் ஒருமித்து முடிவெடுக்க வேண்டும். சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் கண்ட பருப்பைப் பொறுக்கி ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதை மலிவு விலைக்கு மிட்டாய்க்கும் எண்ணெய்க்கும் தள்ளிவிடக் கூடாது. மூன்றாவதுதான் கடினம், அதில்தான் நம் நாணயம் இருக்கிறது.

கடையில் மூட்டையைத் தரையில் போடாமல் சட்டத்தின் மேல் அடுக்குவதும், சுவரை விட்டுத் தள்ளி வைப்பதும், பழைய சரக்கை முதலில் விற்பதும் நாம் அறிந்தவையே. அறிந்ததைச் செய்வோம். விதை தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் நம்மிடம் வருகிறது. அதைக் காய்ந்த நிலையில் வாங்கிக் காய்ந்த நிலையில் விற்பது நம் பொறுப்பு.