முறுக்கு டின்னில் இருந்த அட்டை



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வகுப்பில் நோட்டுக்கு அட்டை போடாதவனை நான் விட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் ஒரு அடித்தல் இருக்காது. அப்பேர்ப்பட்ட நான், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மழை இரவில் தலைகுனிந்து நின்றேன். வீட்டம்மாவுக்கு நெஞ்சுவலி. பொன்னேரி போய், அங்கிருந்து சென்னை. ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கேட்டார்கள். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மகனுக்குப் போன் போட்டேன், அவனுக்கும் தெரியவில்லை. பீரோவைக் கலைத்துப் போட்டுத் தேடுகிறான். கடைசியில் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவளிடமே போய்க் கேட்டேன். "அரிசி டிரம்முக்குப் பின்னாடி முறுக்கு டின்னு இருக்கில்ல, அதுலங்க" என்றாள் மூச்சு வாங்க.

இப்போது நலமாக இருக்கிறாள். ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

ஒழுங்காக இருப்பது எப்படி என்று போனில் ஆயிரம் வீடியோ வருகிறது. டப்பா வாங்கு, கலர் கலராக லேபிள் ஒட்டு என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒழுங்குக்குக் குறைச்சலே இல்லை. எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த இடம் ஒருத்தியின் தலைக்குள் மட்டும் இருந்தது. அதற்குப் பெயர் ஒழுங்கு இல்லை, அவள் பார்க்கும் சம்பளமில்லாத வேலை. நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்கானவன் என்று பேர் வாங்கியதும் அந்த வேலையின் தயவில்தான்.

நம் ஏரியின் பாடு முறையை நினைத்துப் பாருங்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூரில் இருக்கும் உறவுகளுக்காகச் சொல்கிறேன். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை உண்டு. அது இத்தனை தலைமுறை நின்றதற்குக் காரணம், நாட்டாரின் ஞாபகசக்தி இல்லை. இன்று யார் முறை, நாளை யார் முறை என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் படுத்துவிட்டால் முறை படுத்துவிடாது. (பாட்டில் இடம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இதன்மேல் மனக்குறை உண்டு. நியாயமான குறைதான். அதைத் தனியாகப் பேசுவோம்.)

ஏரியில் இதைச் செய்யத் தெரிந்த ஆண்கள் வீட்டுக்குள் வந்ததும், "ஏம்மா, என் ஆதார் எங்க?" என்கிறோம்.

நம் பக்கம் காகிதம் என்பது காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கு நிவாரணம் 8,000 ரூபாய். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 கட்டினால் அரசுப் பங்கும் சேர்ந்து 4,500 வரும். எல்லாவற்றுக்கும் கார்டு வேண்டும், பாஸ்புக் வேண்டும். 2004 டிசம்பர் 26 காலையில் ஓடியவர்கள் எதையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. உயிர் பிழைத்து வந்து, நான் இன்னார்தான் என்று நிரூபிக்க அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் இப்போது மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறோம். வாளி என்றால் கைப்பிடி இருக்கும், ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். காகிதங்கள் பிளாஸ்டிக் உறையில். ஸ்டேப்ளர் பின் கிடையாது, உப்புக் காற்றில் துருப்பிடித்துக் காகிதத்தையே தின்றுவிடும். மூடியின் உள்பக்கம் பட்டியல், நாலாவது படிக்கும் பேத்தி வாசிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். போனில் டிஜிலாக்கரும் உண்டு. அதன் பாஸ்வேர்டு மகனுக்கு மட்டும் தெரிந்தால் அதுவும் இன்னொரு முறுக்கு டின்தான்.

மாதம் ஒருவர் முறை. முதல் ஞாயிறு வாளியைத் திறந்து பட்டியலோடு சரிபார்க்க வேண்டும். எடுத்தது திரும்ப வரவில்லை என்றால் முறைக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டம்மாவுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. "எல்லாரும் கை வெச்சா எதுவும் மிஞ்சாதுங்க" என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. இரண்டாவது மாதமே ரேஷன் கார்டு காணாமல் போய், என் சட்டைப் பையிலிருந்து கிடைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் பழைய டின்னுக்குத் திரும்பவில்லை. போன மாதம் தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். ஒரு போன்கூட நாங்கள் போடவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன்.

தடைக்காலத்துக்கு முன்னாலேயே உங்கள் வீட்டிலும் ஒரு வாளி வையுங்கள். மூடிக்குப் பட்டியல் எழுதித் தர வேண்டுமானால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது.