நேரம் சரியில்லையா?

கல்யாணப் பரிசாக வருவதில் குத்துவிளக்குக்கு அடுத்த இடம் சுவர்க்கடிகாரத்துக்குத்தான். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் ரெண்டு தொங்கும். ஒன்று பத்து நிமிஷம் ஃபாஸ்ட். 'வேணும்னே வெச்சிருக்கோம்' என்பார்கள். இன்னொன்று ஸ்லோ. அது வேணும்னு வெச்சதில்லை! பி.காம். படித்தவன் சொல்கிறேன்... ஒரே கடைக்கு ரெண்டு கணக்கு நோட்டு இருந்தால் ரெண்டையுமே நம்பக்கூடாது.

சிரிக்கிற விஷயமில்லை சார். திருச்சுழியிலிருந்து இங்கே துணிக்கடை வேலைக்கு வருகிற தம்பி ஒருவனைத் தெரியும். காலை பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் கட். மொபைல் தம்பியிடம் இருந்தாலும், வீட்டில் உலை வைக்கிற அம்மா பார்ப்பது சுவரைத்தானே! ஒரே மாதத்தில் மூன்று முறை பஸ் போய்விட்டது. "வெயிலுக்குக் கடிகாரம் ஸ்லோவாகுதுண்ணே" என்றான்.

நம் ஊர் வெயில் மேல் எந்தப் பழியையும் போடலாம். ஆனால் கணக்கு இடிக்கிறது. கடிகாரத்துக்குள் இருக்கும் குட்டி குவார்ட்ஸ் துண்டு விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாக்குங்கள், மிச்சம் 1. அதுதான் அந்த 'டிக்'. இந்தத் துண்டு சுமார் 25 டிகிரியில் ஒழுங்காக இருக்கும். சூடானால் கொஞ்சம் சோம்பல். 40 டிகிரியிலேயே ராப்பகலாகக் கிடந்தாலும், வெயிலால் மாதத்துக்கு இருபது விநாடிதான் குறையும். இருபது விநாடியில் பஸ் போகாது. நம் ஊர் பஸ் அவ்வளவு கறார் கிடையாது!

நிமிஷக்கணக்கில் பின்தங்கினால் முதல் சந்தேகம் பேட்டரிக்கட்டை மேல் வரட்டும். சக்தி குறைந்த கட்டையால் விநாடி முள்ளை மேலே தூக்க முடியாது. பெரும்பாலும் 8, 9 பக்கம் வந்ததும் முள் ஏற முடியாமல் நின்ற இடத்திலேயே துடிக்கும். தம்பி வீட்டிலும் அதே கதை. புதுக்கட்டை போட்டான், அதன்பிறகு சம்பளம் முழுசாக வருகிறது.

சாதாரண 1.5 வோல்ட் பென்டார்ச் கட்டையே போதும். கடிகாரம் கஞ்சன், ஒரு கட்டையில் ஏறக்குறைய ஒரு வருஷம் ஓட்டிவிடும். சார்ஜ் செய்கிற கட்டை 1.2 வோல்ட்தான், சில கடிகாரங்களுக்கு அது ஒத்துவராது. நின்றுபோன கடிகாரத்தில் பழைய கட்டையை விட்டுவைத்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். வருஷா வருஷம் போகியன்று மாற்றுங்கள், தேதியைப் பின்னால் எழுதி ஒட்டுங்கள். பழையதைப் போகித் தீயில் மட்டும் போடாதீர்கள், வெடிக்கும்!

எதைப் பார்த்துத் திருப்பி வைப்பது? மொபைலைப் பாருங்கள், சூரியனைப் பார்க்காதீர்கள். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்கு. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் நம் உச்சிவெயில் சராசரியாகப் பதினேழு நிமிஷம் லேட். 1879-ல் திருச்சுழியில் ரமணர் பிறந்தபோது இந்தப் பொது நேரமே கிடையாது. 1906-ல்தான் வந்தது.

ஆகவே, 'நேரம் சரியில்லை' என்று ஜோசியரிடம் கிளம்புமுன் கடிகாரத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பரிகாரம் ஒரே ஒரு கட்டைதான்.