நேற்றைய ரொட்டி

வீட்டில் மூன்றே பேர். வாங்குவதோ 400 கிராம் பிரெட். முதல் நாள் காலையில் டோஸ்ட், மாலையில் சாண்ட்விச். மூன்றாம் நாள் பார்த்தால், வாய் முறுக்கிக் கட்டிய பாக்கெட்டில் ஐந்தாறு துண்டுகளும், யாரும் சீண்டாத முனைத் துண்டுகள் இரண்டும் கிடக்கும். கணவர் தொடமாட்டார். பையன் முகம் சுளிப்பான். கடைசியில் குடும்பத் தலைவி அதை டீயில் நனைத்து நின்றபடியே விழுங்கிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். மும்பை மாதுங்காவிலும் டெல்லி கரோல்பாகிலும் கதை இதுதான். சாப்பிட யாரும் இல்லாததைத் தன் வயிற்றில் போட்டுக்கொள்வதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மிஞ்சிய இட்லியை உப்புமாவாக்கவும், மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றிப் பழையதாக்கவும் தமிழ்ச் சமையலறைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிரெட் விஷயத்தில் மட்டும் அந்தக் கைப்பழக்கம் இல்லை. காரணம் எளிது: அது தாமதமாக வந்த விருந்தாளி. போர்ச்சுகீசியர்களோடு கோவாவுக்கு வந்தது; ஈஸ்ட் கிடைக்காத இடத்தில் கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தார்கள். அவர்களது 'பாவோ'தான் மும்பையின் 'பாவ்'. வெள்ளைக்காரர்கள் கிணற்றில் ரொட்டியைப் போட்டுவிட, தண்ணீர் குடித்தவர்களெல்லாம் மதம் மாறியவர்களாகக் கருதப்பட்டார்கள் என்றொரு கதை மேற்குக் கரையில் உண்டு. நடந்ததோ இல்லையோ, ஆசாரமான வீடுகள் பேக்கரி ரொட்டியை எப்படிப் பார்த்தன என்பதற்கு அந்தக் கதையே சாட்சி. நாடு முழுக்க சாமானிய வீடுகளுக்குள் பாக்கெட் ரொட்டி நுழைந்ததில் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. 1965ல் அரசு தொடங்கிய நிறுவனம் மாடர்ன் பேக்கரீஸ். 2000 ஜனவரியில் அதன் 74 சதவீதப் பங்குகள் இந்துஸ்தான் லீவரிடம் போயின. இன்று பிரெட் இல்லாத பெட்டிக்கடை அபூர்வம்.

பழைய பிரெட் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று, அது 'காய்ந்துபோய்விட்டது' என்பது. ஈரம் துளியும் வெளியேறாதபடி மூடிவைத்தாலும் ரொட்டி பழையதாகிவிடும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி பூசிங்கோ 1852லேயே காட்டிவிட்டார். வேகும்போது நீரை உறிஞ்சிக் குழைந்த ஸ்டார்ச், ஆறிய பிறகு மெல்ல மெல்ல மீண்டும் இறுகிப் படிகமாகிறது. அதுதான் அந்த விறைப்பு. இந்த வேலை எங்கே வேகமாக நடக்கிறது? பலர் பத்திரமாக பிரெட்டை வைக்கும் ஃபிரிட்ஜில்தான். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரே ஸ்டார்ச் இறுகுவதற்கு மிகவும் தோதானது. பூஞ்சை தள்ளிப்போகும் என்பது உண்மை. மென்மை போய்விடும் என்பதும் உண்மை. மிஞ்சும் என்று தெரிந்தால் வாங்கிய அன்றே பாதியைப் பிரித்து, காற்று புகாமல் கட்டி, ஃபிரீசரில் போடுவதுதான் புத்திசாலித்தனம். துண்டு துண்டாக எடுத்து நேராக தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளலாம்.

இறுகிய ஸ்டார்ச் சூட்டில் இளகும். இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டினால் நேற்றைய பாவ் மறுபடியும் பஞ்சாகும். ஆனால் அது சூடு இருக்கும்வரைதான். ஆறவிட்டால் முன்னைவிட மோசம். இரண்டாவது முறை ஆவி காட்டி வேலைக்கு ஆகாது.

பழைய ரொட்டியைச் சகித்துக்கொள்வது ஒரு வகை. அதைத் தேடிப் போவது இன்னொரு வகை. ஹைதராபாத் இரண்டாவது ரகம். வடக்கிலும் தக்காணத்திலும் பிரெட்டுக்கு 'டபுள் ரொட்டி' என்று பெயர். அதிலிருந்து வந்ததே டபுள் கா மீட்டா. நிக்காஹ் விருந்துகளில் பிரியாணிக்குப் பிறகு வந்து நிற்கும் இந்த இனிப்புக்கு அன்று வாங்கிய பிரெட் லாயக்கில்லை. ஈரமான துண்டு நெய்யில் சரியாகச் சிவக்காது. பாகில் போட்டதும் கரைந்து கூழாகிவிடும். இரண்டு நாளான துண்டுகளை மேலும் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, சிறு தீயில், நன்றாகப் பழுப்பேறும்வரை பொரிக்க வேண்டும். பொன்னிறத்தில் எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. எட்டுத் துண்டுகளுக்கு அரை லிட்டர் பாலைப் பாதியாகச் சுண்டவைத்து, 200 கிராம் சர்க்கரையை ஒரு கப் நீரில் கொதிக்கவைத்து, பிசுபிசுப்பு வந்ததும் ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்த்து, முதலில் பாகு, பிறகு பால் என்று துண்டுகள் மேல் ஊற்றி, மூடி, மிகச் சிறு தீயில் ஊறவிட்டால் போதும். கரண்டியால் கிளறக்கூடாது. லக்னோவின் ஷாஹி துக்டா இதன் உறவினர். ஆனால் அங்கே துண்டு தன் வடிவத்தை விடாமல் மேலே ரபடியைச் சுமந்து நிற்கும். இங்கே எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஹைதராபாத்தே மேல் என்று சொன்னால் லக்னோக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

தினப்படி சமையலுக்கு குஜராத், மகாராஷ்டிர வீடுகள்தான் நல்ல வழிகாட்டி. மிஞ்சிய சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டுத் தாளிப்பது அங்கே பழைய வழக்கம். மராத்தியில் அது 'ஃபோட்ணீச்சி போளி', குஜராத்தியில் 'வகாரேலி ரோட்லி'. சப்பாத்தியின் இடத்தில் பிரெட் வந்து உட்கார்ந்துகொண்டது. நம் வீடுகளில் செய்யும் பிரெட் உப்புமா பெரும்பாலும் களியாவது ஏன் என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரவைக்கு ஊற்றுவதுபோல் வெந்த ரொட்டிக்கும் தண்ணீர் ஊற்றுகிறோம், தெளித்தாலே போதும். மராத்தி வழியில் கடுகு, பெருங்காயம், பச்சை மிளகாய், வெங்காயம் தாளித்து, மஞ்சள் தூவி, பிய்த்த துண்டுகளைப் போட்டு, கையால் நீர் தெளித்து, இரண்டு நிமிடம் மூடிவைத்து இறக்கிவிடுவார்கள். குஜராத்தி வழி இன்னும் ருசி. தாளிப்பில் லேசாகப் புளித்த மோரை ஊற்றி, திரியாமல் கிளறிக்கொண்டே ஒரு கொதி விட்டு, சிட்டிகை வெல்லம் போட்டு, அதில் ஆறு துண்டு பிரெட்டைப் பிய்த்துப் போடுவது. ஒரு எச்சரிக்கை: பிரெட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. வழக்கமான உப்பில் பாதி போட்டு ருசி பார்க்கவும். இனிப்பான மில்க் பிரெட் இதற்கு உதவாது.

முனைத் துண்டுகளுக்கும் கதி உண்டு. கொல்கத்தாவில் சாப், கட்லெட், ஃபிஷ் ஃப்ரை இல்லாத மாலை நேரம் ஏது? அவற்றின் மேலே மொறுமொறுக்கும் போர்வைக்கு வேண்டியது ரொட்டித் தூள். முனைத் துண்டுகளை வெயிலிலோ சிறு தீயில் தோசைக்கல்லிலோ சுக்காகக் காயவைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, சலித்து பாட்டிலில் அடைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். ஈரம் துளி மிஞ்சினாலும் கட்டிதட்டிக் கெட்டுவிடும். கடையில் விற்கும் தூளுக்குக் கொடுக்கும் காசு வீண். டெல்லியின் பிரெட் பக்கோடா, ஆங்கிலோ-இந்திய வீடுகளின் பிரெட் புட்டிங் எல்லாம் தெரிந்த சமாச்சாரங்களே.

சிக்கனத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது பச்சைப் புள்ளி. மழைக்காலத்தில் பாக்கெட்டுக்குள் ஒரு துண்டில் பூஞ்சை தெரிந்ததும், அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை டோஸ்ட் போடும் வீடுகள் ஏராளம். கண்ணுக்குத் தெரியும் பச்சை, பூஞ்சையின் விதைப் பகுதி மட்டுமே. அதன் இழைகள் பிரெட் போன்ற மென்மையான, துளைகள் நிறைந்த பண்டத்தில் வெகு ஆழம் வரை ஓடியிருக்கும். சில பூஞ்சைகளின் நச்சு அடுப்புச் சூட்டுக்கு மசியாது. பாக்கெட் முழுவதையும் கழித்துவிட வேண்டியதுதான். முகர்ந்து பார்ப்பதும் கூடாது; விதைகள் மூக்கில் ஏறி மூச்சிரைப்பு உள்ளவர்களைப் படுத்திவிடும்.

கோடையில் இன்னொரு வில்லன். பேக்கரி உலையின் வெப்பத்தையும் தாங்கிப் பிழைக்கும் ஒரு வகை பாக்டீரியா, புழுக்கத்தில் பிரெட்டின் நடுப்பகுதியைக் கெடுக்கும். பூஞ்சை எதுவும் தெரியாது. ஆனால் பாக்கெட்டைத் திறந்ததும் அழுகிய அன்னாசிப் பழ வாடை வரும். பிய்த்தால் நூல் நூலாக இழுக்கும். வெல்லமும் நெய்யும் போட்டு மறைத்துவிடலாம் என்று நினைக்கக்கூடாத ரொட்டி இது.

தான் சாப்பிடத் தயங்குவதை மாட்டுக்கு வைக்கும் பழக்கமும் இருக்கிறது. பூஞ்சை மாட்டையும் விட்டுவைக்காது. நல்ல பிரெட்டேகூட, தெருவில் பத்து வீட்டார் ஆளுக்கொரு பாக்கெட் போட்டால், அத்தனை மாவுச்சத்து ஒரே நேரத்தில் இரைப்பையில் புளித்து அதைப் படுக்கவைத்துவிடும். முடிச்சுப் போட்டு வீசும் பாக்கெட்டாக இருந்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே உள்ளே போகிறது. கெட்ட துண்டுகளைக் கொட்டுவதற்கு முன் உறையைத் தனியே எடுத்துவிட அரை நிமிடம்கூட ஆகாது.