யாருடைய கழகம்?

வட்டகொடைத் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பொடியன்கள் மன்செஸ்டர் யுனைட்டட் யார் கையில் இருக்க வேண்டும் என்று மல்லுக்கு நிற்கிறார்கள். 2024இல் தொழிலதிபர் ராட்கிளிஃப் கால்வாசிப் பங்குக்கு மேல் வாங்கியும் விடிவில்லை, உரிமையாளரான கிளேசர் குடும்பம் மொத்தமாகப் போக வேண்டும் என்கிறான் ஒருவன். எனக்கு உறுத்துவது அந்தக் கடன்தான்: 2005இல் கிளேசர் கடன்பட்டுக் கழகத்தை வாங்கினார், கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே கட்டினார். பிறகு வட்டி போனது டிக்கெட்டும் சட்டையும் வாங்கியவர்களின் காசில். கைமாற்றம் நமக்குப் புதிதா என்ன? 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்கு வந்தது. இரண்டு தடவையும் லயத்துச் சனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்செஸ்டரில் கோபித்துக்கொண்ட ரசிகர்கள் சிலர் 2005இலேயே எஃப்.சி. யுனைட்டட் என்று தனிக் கழகம் தொடங்கினார்கள். எவ்வளவு பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். நிர்வாகசபையை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆடுவதென்னவோ கீழ்ப்பிரிவில்; நம் ஊர்த் தொலைக்காட்சியில் ஒருநாளும் வராது. ஆனாலும் கட்சி சேரச் சொன்னால் நான் அந்தப் பக்கம்தான்.