வரைபடமும் கடிகாரமும் திசைகாட்டியும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



"பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு எதற்கு? அதிலும் ஓட்டை விமானம் எதற்கு?" சென்ற கோடை விடுமுறையில் சிறுமலையிலிருந்து வந்திருந்த என் பாட்டி ஓயாமல் கேட்ட கேள்வி இது. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதும்படி சிஸ்டர் சொன்னதும், அந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

திண்டுக்கல்லில் என் மாமா வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விமான விளையாட்டு இருக்கிறது. 1982இல் முதன்முதல் வெளிவந்த அந்த விளையாட்டின் நாற்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2022இல் பல பழைய விமானங்களை அதில் சேர்த்தார்கள். ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானமும் அவற்றுள் ஒன்று. எனக்குப் பிடித்தது 'பீவர்' என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். நம் நாடு விடுதலை பெற்ற மறுநாள், 1947 ஆகஸ்டு 16 அன்று, கனடாவில் அது முதன்முதலாகப் பறந்தது.

புதிய விமானங்களில் திரையில் ஒரு கோடு வழிகாட்டும். அதன்மேல் போனால் ஊர் வந்துவிடும். பழைய முறையில் அப்படி எதுவும் இல்லை. வரைபடம், கடிகாரம், திசைகாட்டி மூன்றும்தான் துணை. வேகத்தை நேரத்தால் பெருக்கினால் வந்த தூரம் தெரியும். திசைகாட்டியைப் பார்த்தால் போகும் திசை தெரியும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் விமானம் எம்மாத்திரம்? ஆகவே காற்று எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகு கீழே தெரியும் ஆறு, ஏரி, மலை, இரயில் பாதை ஆகியவற்றைக் கொண்டு கணக்குச் சரிதானா என்று பார்க்க வேண்டும்.

நான் முதன்முதலாக இவ்வாறு திருச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டேன். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். இரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே வந்து, நம் மலைக்கோட்டைப் பாறையைக் கண்டதும் கைதட்டினேன். அங்கிருந்து மதுரை வான்வழியே சுமார் 50 கிலோமீட்டர். இருபது நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். இரயில் பாதை கீழே ஓடிற்று. இடப்பக்கம் மலை தெரிந்தது. "சிறுமலைதான்!" என்று நிம்மதியாக இருந்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. மதுரையைக் காணோம். எதிரே தனியாக ஒரு குன்று நின்றது. பின்னால் நின்ற மாமா சிரித்துக்கொண்டே, "பழனி வந்துவிட்டது, இறங்கலாமா?" என்றார்!

நடந்தது இதுதான். திண்டுக்கல்லில் இரயில் பாதைகள் பிரிகின்றன. நான் தெற்கே போகும் மதுரைப் பாதையை விட்டு, மேற்கே போகும் பழனிப் பாதையைப் பிடித்துவிட்டேன். மதுரைக்குப் போகும்போது இடப்பக்கம் சிறுமலை. பழனிக்குப் போகும்போதும் இடப்பக்கம் மலைதான், ஆனால் அது கொடைக்கானல் மலை. இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆகையால் கடிகாரமும் என்னைக் காப்பாற்றவில்லை. திசைகாட்டி மட்டும் "மேற்கு, மேற்கு" என்று காட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. மலையைக் கண்ட மகிழ்ச்சியில், பார்க்க ஆசைப்பட்டதையே பார்த்தேன்.

"சிறுமலை நம் ஊருக்கு எந்தத் திசை?" என்று மாமா கேட்டார். "பாட்டி வீட்டுத் திசை" என்றேன். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் எத்தனையோ முறை ஏறி இறங்கியவள் நான். ஆயினும் அது தென்கிழக்கே இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். வெட்கமாக இருந்தது.

டாட்டாவின் விமானத் தபால் சேவை இவ்விதமே தொடங்கியது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா 'புஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹூவுக்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். விமானத்தில் வானொலி கிடையாது. சரியாக 89 ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 15 அன்று, ஆரோஹி பண்டிட் என்ற இளம் பெண் விமானி செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையின்றி, புஜ் நகரிலிருந்து ஜுஹூவுக்குத் தனியாகப் பறந்து அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்தார். பெண்ணுக்கு எதற்கு என்று கேட்போருக்கு அவரே பதில் அல்லவா?

அதற்காகப் புதிய கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமந்து செல்லும் விமானிக்கு அவை அவசியம் தேவை. என் தவற்றுக்கு மாமாவின் சிரிப்புதான் தண்டனை. உண்மை விமானிக்கு அப்படியன்று. ஆனால் கருவி எப்போதும் கைகொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. அண்மை ஆண்டுகளில் போர் நடக்கும் பகுதிகளுக்கு அருகே பறக்கும் விமானங்களுக்குச் செயற்கைக்கோள் சமிக்ஞை தடைபடுவதைச் செய்திகளில் படிக்கிறோம். அந்த வேளையில் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிந்தவரே கரை சேர்வார்.

தோழியரே, நமக்கும் வழிகாட்டும் கோடுகள் பல உண்டு. கணக்குக்கு விடைப் புத்தகம் உண்டு, தெருவுக்குக் கைப்பேசி உண்டு. அவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒருமுறை நாமே கணக்கிட்டுப் பார்த்தால் என்ன? தவறினால் எங்கே தவறினோம் என்றாவது தெரியும். விடையை மட்டும் பார்த்து எழுதியவளுக்கு அதுவும் தெரியாது.

பாட்டிக்கு என் பதில் இதுவே. விடுமுறையின் கடைசி நாளில் மீண்டும் திருச்சியிலிருந்து புறப்பட்டேன். திண்டுக்கல்லுக்கு மேலே வந்ததும் முதலில் திசைகாட்டியைப் பார்த்தேன். இடப்பக்கம் சிறுமலை வந்தது. இம்முறை உண்மையான சிறுமலை! அருகில் அமர்ந்திருந்த பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நம் வீடு எங்கேடி இருக்கிறது?" என்று கேட்டார்.